அழகாக்கப்பட்ட சேரி

ஆகஸ்ட் மாதத்தில் சார்ஜாவில் இரவு பத்து மணிக்கும் வெக்கை இறங்குவதில்லை. ஆறு கட்டில் போட்ட அறை. குளிரூட்டி இரைந்துகொண்டிருக்கிறது. மூலைக் கட்டிலில் ஒரு பெடியன் மடிக்கணனியில் பனி பெய்வித்துக்கொண்டிருக்கிறான். நேற்றுப் பெய்த பனி அவனுக்குப் பிடிக்கவில்லை. இன்று புதிய கோப்புகளை இறக்கிப் பழைய பனியைக் கழித்துவிட்டு வேறு பனி போட்டிருக்கிறான். “இப்ப பாருங்கோ அண்ணை, உண்மையான பனி மாதிரியே இருக்கு” என்கிறான். அறையில் இருக்கும் ஒருவரும் உண்மையான பனியைக் கண்டதில்லை. பாரிசிலும் ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்குப் பனி என்றால் விடியப்புறத்தில் வேலைக்குப் போன வழி. எமக்கு அது ஒரு கோப்பு.

இதைப் பற்றி எழுதுவதற்கு ஓர் இலக்கியச் சஞ்சிகைதானா கிடைத்தது என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். புலம்பெயர் இலக்கியம் என்றதும் ஐரோப்பாவையும் கனடாவையும் மட்டும் எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். வளைகுடா நாடுகளில் ஒன்றேனும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையொப்பமிட்டதில்லை. இங்கே நாம் அகதிகள் அல்ல, விசா உள்ளவர்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் நாடு போகும். இங்கே பிறந்த எமது பிள்ளைகளுக்கும் இந்த மண் சொந்தமில்லை. அப்படி வாழ்பவர்கள் வேலை முடிந்த பின் எதைப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கப் பழகுகிறார்கள் என்பது இலக்கியத்தின் கேள்விதான் என்பது எமது நிலைப்பாடு.

பெடியன் விளையாடுவது ‘ஸ்கைரிம்’. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11இல் வெளியிட்ட, மந்திரமும் பறவைநாகமும் கலந்த விளையாட்டு. வெளியாகிப் பத்தாண்டுக்கு மேலாகியும் அது உயிரோடிருப்பதற்குப் பெருங்காரணம் ‘மொட்’ எனப்படும் மாற்றங்கள். விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள், பெரும்பாலும் கூலியில்லாமல், அதன் கோப்புகளைத் திருத்திப் பகிர்கிறார்கள். அவற்றில் ஒரு பெரும் பங்கு காட்சியை அழகாக்குவது. பக்கத்துக்கு 1024 புள்ளிகள் கொண்ட கல்லின் படத்தை எடுத்துவிட்டு 4096 புள்ளிகள் கொண்ட படத்தை வைப்பார்கள். பரப்பில் அது 16 மடங்கு. பொரிஸ் வொரொன்ட்சொவ் என்ற ரஷ்யர் உருவாக்கிய ஈ.என்.பி. இன்னும் நுட்பமானது. விளையாட்டுக்கும் வரைகலை அட்டைக்கும் நடுவில் புகுந்து, திரைக்குப் போகவிருக்கும் காட்சியை வழிமறித்து, ஒளியையும் நிழலையும் நிறத்தையும் திருத்தி அனுப்புகிறது. பர் டுபாயில் காலித் பின் அல் வலீத் வீதிக் கணனிக் கடைகளில் ஒரு நல்ல வரைகலை அட்டைக்காக எம்மவர் எத்தனை மாதச் சேமிப்பைக் கொட்டுகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். இந்தக் கைவேலையை நாம் இளக்காரம் செய்யவில்லை. கல்லின் ஈரத்தைக் கல்லின் ஈரமாகவே காட்டத் தெரிந்தவன் கலைஞன்தான்.

எமது சண்டை வேறு இடத்தில்.

ஸ்கைரிமில் விண்ட்ஹெல்ம் என்றொரு நகரம் உண்டு. அதன் ஒரு பகுதிக்குச் சாம்பல் குடியிருப்பு என்று பெயர். தங்கள் நாட்டின் எரிமலை வெடித்ததால் ஓடி வந்த டன்மர் என்ற கருநிற மக்கள் அங்கே அடைபட்டு வாழ்கிறார்கள். விளையாட்டின் கால வரிசைப்படி அந்த எரிமலை வெடித்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். இன்னமும் அவர்கள் வந்தேறிகள். நகர வாயிலுக்குள் முதன்முறை நுழையும்போதே உள்ளூர்க்காரர் இருவர் ஒரு டன்மர் பெண்ணை வழிமறித்து, உளவாளி என்று மிரட்டுவதைக் காண்கிறோம். ஆர்கோனியர் என்ற இன்னொரு இனத்துக்கு நகரச் சுவருக்குள் குடியிருக்கவே அனுமதியில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி, துறைமுகத்திலேயே படுக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி குறைவு. விளையாடுபவன் விரும்பினால் முதலாளியிடம் போய் நியாயமான கூலிக்காகப் பேசலாம். பேசாமல் கடந்து போனாலும் கதை ஓடும். எமக்குத் தெரிந்த பலர் கடந்து போனவர்கள்தான்.

இப்போது இந்தச் சேரிக்கு மேல் ஒளியழகு மொட் கோப்புகளைப் போட்டுப் பாருங்கள். சுவரில் வழியும் ஊத்தைத் தண்ணீர் மினுங்குகிறது. இடுங்கிய ஒழுங்கையில் விளக்கொளி பொன்னாக விழுகிறது. பாசி பச்சைப் பட்டுப்போல் படர்ந்திருக்கிறது. பெடியன் நடப்பதை நிறுத்தி அதைப் படம் பிடிக்கிறான். நண்பர்களுக்கு அனுப்புகிறான். “என்ன மாதிரி வடிவு” என்று பதில் வருகிறது. துறைமுகத்தில் ஆர்கோனியன் இன்னமும் மூட்டை தூக்குகிறான். அவனது செதில்கள் ஒவ்வொன்றும் இப்போது துல்லியமாகத் தெரிகின்றன. அவனது கூலி மட்டும் அப்படியே இருக்கிறது.

வெளிச்சம் மாறியது, வேலி மாறவில்லை. இதற்குப் பெயர் ‘மெய்மை’ என்கிறார்கள். எவருடைய மெய்மை?

இந்தக் கேள்வியை வளைகுடாவில் இருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. நாம் வாழ்வதே அப்படிப்பட்ட ஒரு திரைக்குள். டுபாயில் 2010இல் திறக்கப்பட்ட 828 மீற்றர் உயரக் கோபுரத்தின் மீது இரவில் ஒளிப்படங்கள் ஓடுகின்றன. உலகம் அண்ணாந்து பார்க்கிறது. அதே நகரின் முகைஸ்னா பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த இடத்தைச் சோனாப்பூர் என்பார்கள். ஹிந்தியில் பொன்னூர் என்று பொருள். பொன்னூர் சுற்றுலாப் படங்களில் வருவதில்லை. யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று அமீரகத்தில் விதி உண்டு. நல்ல விதிதான். ஆனால் காலை பதினொரு மணி வெயிலும் வெயில்தான். அதைச் சொல்லத் தொழிற்சங்கம் அமைக்க முடியாது.

காட்சியைத் திருத்துவது இங்கே பெடியன்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2022 ஆகஸ்டில் கணனிக்கு வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்-மான் ரீமாஸ்டர்ட்’ விளையாட்டில், நியூயோர்க் தெருக்களில் ஒருபாலுறவாளரின் வானவில் கொடிகள் பறக்கும். மத்திய கிழக்குப் பதிப்பில் அவை இல்லை. அந்தக் கொடிகளை மற்றவர்களின் பதிப்பிலிருந்தும் நீக்கும் ஒரு மொட் கோப்பை யாரோ வெளியிட, நெக்ஸஸ் மொட்ஸ் தளம் அதை அகற்றியது. அப்போது எழுந்த கூச்சலில் ஒன்றை எவரும் போதுமான அளவு கவனிக்கவில்லை. தனி ஆள் செய்தால் தடை. சந்தைக்காக நிறுவனம் செய்தால் அது ‘பதிப்பு’. ஒரு கொடியை மறைப்பதும் ஒரு சேரியை மினுக்குவதும் ஒரே கைவேலையின் இரு வகைகள். இரண்டிலும் நகரம் துப்புரவாகத் தெரிகிறது. சங்கடப்படுத்தும் மனிதர் மட்டும் கண்ணில் படுவதில்லை.

இந்த விளையாட்டுகள் யாருடைய கைக்குப் போகின்றன என்பதையும் பாருங்கள். சவூதியின் பொது முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான சாவி கேம்ஸ் குழுமம் 2023இல் ஸ்கோப்லி நிறுவனத்தை 490 கோடி டொலருக்கு வாங்கியது. அதே நிதியம் பங்குகொள்ளும் கூட்டணியொன்று இலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக 2025 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. கனவுக்குள்ளும் நாம் அதே முதலாளிகளிடம்தான் வேலைக்குப் போகிறோமா?

மறுத்துரைப்பவர்கள் இரண்டு விடயங்களைச் சொல்வார்கள். முதலாவது, இது வெறும் விளையாட்டு. இந்த வாதத்தை நாம் சினிமா குறித்தும் கேட்டோம், நாவல் குறித்தும் கேட்டோம். ஒரு மனிதன் நூற்றுக்கணக்கான மணித்தியாலம் கண் விழித்துப் பார்ப்பது எதுவும் வெறுமனே எதுவுமல்ல.

இரண்டாவது வாதம் கனமானது. பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வருபவனுக்கு அழகு வேண்டாமா? அவன் தன் சேரியை மறக்கத்தானே திரைக்கு வருகிறான், அங்கேயும் ஒரு சேரியை அவன் முகத்தில் எறிகிறீர்களே? இதற்கு முன்னால் நாம் தலைகுனிகிறோம். அவனுக்குப் பனி வேண்டும். அவனது பனியைப் பிடுங்க எமக்கு உரிமையில்லை. மலையையும் ஆற்றையும் அவன் விரும்பியபடி மினுக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: சாம்பல் குடியிருப்பின் ஒழுங்கையில் நின்று படம் பிடிக்கும்போது, அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது தன்னுடைய அறை என்று அவனுக்கு ஏன் தோன்றவில்லை? சார்ஜாவில் ஆறு கட்டிலுக்கு நடுவே வாழும் ஓர் அகதியின் மகன் விண்ட்ஹெல்மில் உள்ளூர்க்காரனின் கண்ணால் பார்ப்பது எப்படி? இதை அவனுக்கு ஈ.என்.பி. கற்றுக்கொடுக்கவில்லை. நாம் கற்றுக்கொடுத்தோம். ஊருக்கு அனுப்பும் படத்துக்காக அறைக்குள் நிற்காமல் கோபுரத்துக்கு முன்னால் போய் நின்றோமே, அன்றே கற்றுக்கொடுத்துவிட்டோம்.

மாற்றுவது என்றால் வெளிச்சத்தை மாற்றுவது மட்டும்தானா? 2012இல் பெதஸ்டா தனது உருவாக்கக் கருவியையே விளையாடுபவர்களுக்குத் திறந்துவிட்டது. அதைக் கொண்டு விதியை மாற்றலாம், வசனத்தை மாற்றலாம், யார் எங்கே குடியிருக்கலாம் என்பதையும் மாற்றலாம். மாற்றியவர்களும் உண்டு. தங்கள் உழைப்புக்கு விலை என்ன என்பதும் மொட் செய்பவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். 2015 ஏப்ரலில் மொட் கோப்புகளை விற்பனைக்கு விட்டபோது செய்தவனுக்கு 25 வீதம், மீதி கடைக்கும் நிறுவனத்துக்கும் என்று நிர்ணயித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிச் சில நாட்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. விளையாடுபவர்கள் ஒன்றுசேர்ந்தால் முதலாளி இறங்கி வருவான் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஸ்கைரிமில் 60,000க்கும் மேற்பட்ட வசன வரிகள் உண்டு. துருக்கி மொழி ரசிகர்களும் கொரிய மொழி ரசிகர்களும் நிறுவனத்தை எதிர்பாராமல் தாங்களே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். எம்மவர் பனியின் துகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்து அதற்குள் ஏறாது என்று சொல்லவேண்டாம். 90களில் எமது சஞ்சிகைகள் எப்படி வந்தன? கணனிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களைச் செருகி, பாமினி போன்ற எழுத்துருக்களால் அதை ஏமாற்றினோம். கொம்பை முதலில் தட்டி, எழுத்தைப் பிறகு தட்டி, ஒவ்வொரு ‘கொ’வையும் கையால் கட்டினோம். எவருடைய அனுமதியும் கேட்கவில்லை. பிறரின் இயந்திரத்தைப் பிரித்து எமது பேச்சை அதற்குள் வைத்தோம். அதுவும் மொட் தான். ஆனால் அது இயந்திரத்தை அழகாக்கவில்லை, பேச வைத்தது.

ஆகவே மூலைக் கட்டிலில் இருக்கும் தம்பிக்கு எமது வேண்டுகோள் இதுதான். பனி இருக்கட்டும். உன் கைக்குக் கோப்பைத் திறக்கத் தெரியும், திருத்தத் தெரியும். நாளைக்கு அந்தத் துறைமுகத்துக்கு ஒருக்கால் இறங்கிப் போ. மூட்டை தூக்குபவனிடம் அவனது கூலி என்னவென்று கேள். அவன் என்ன சொன்னான் என்பதை முதலில் தமிழில் எழுது. வெளிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.