திண்ணையுள்ள வீட்டையே தெரிவு செய்க

விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் பிக்கரிங் வாழ் தமிழ்க் குடும்பம், புதுச்சேரியில் மஞ்சள் சுவரும் கடற்காற்றும் உள்ள பிரெஞ்சுப் பகுதி விடுதியை நாடுவது இயல்பே. ஆயினும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியும் உண்டு என்பதை மறத்தலாகாது.

திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடுகளோடு, கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகளும் அங்குள்ளன. பராமரிப்புச் செலவு மிகுதியாதலாலும் மனையின் விலை ஏறியதாலும் பல இடிக்கப்பட்டுவிட்டன. 'இன்டாக்' அமைப்பின் முயற்சியால் மீட்கப்பட்ட வைசியாள் வீதி 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ விருது பெற்றது. பெருமாள் கோவில் வீதியில் பழைய தமிழ் இல்லமொன்று 'மேசோன் பெருமாள்' விடுதியாக நிலைத்திருக்கிறது.

விருதினால் மட்டும் கூரை ஒழுகாமல் நிற்காது, வருமானம் வேண்டும். எனவே முன்பதிவு செய்யுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. கட்டடம் உண்மையில் பழையதா, முகப்பு மட்டும் பழமைபோல் புனையப்பட்டதா? திண்ணையும் முற்றமும் எஞ்சியுள்ளனவா? அயலவர்க்கு அங்கே வேலை உண்டா?

நீச்சல் குளம் எந்நாட்டிலும் கிடைக்கும். கனடாவில் பிறந்த பிள்ளை தமிழ் வீட்டின் முற்றத்தில் நின்று வானம் பார்க்கும் வாய்ப்பு, அவ்வீடு நிற்கும் வரையே கிடைக்கும்.