டோக்கன் நம்பர் ஒன்று

ஆபீஸில் மூன்று நாள் லேட்டாக வந்தால் அரை நாள் லீவைக் கழித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து, ஃபுட்போர்டில் தொங்கியாவது பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிடுகிற ஆசாமிகள், ஆறு மணி டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு மட்டும் ஆறு மணிக்கு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால், ''டாக்டர் என்னிக்கு ஸார் கரெக்ட் டயத்துக்கு வந்திருக்காரு?'' என்பார்கள்.

டாக்டரைக் கேட்டால்? ''பேஷன்ட் என்னிக்கு ஸார் கரெக்ட் டயத்துக்கு வந்திருக்காங்க?''

இந்த வழக்கில் இரண்டு பேருமே வாதி, இரண்டு பேருமே பிரதிவாதி. தண்டனை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மூன்றாவது ஆளுக்கு!

எப்படி என்று பார்க்கலாம். பி.காம். படித்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? கணக்குதான்.

ஒரு கிளினிக். மாலை 6 மணியிலிருந்து 8.30 வரை. ஆளுக்குப் பத்து நிமிஷம், மொத்தம் பதினைந்து டோக்கன். டாக்டர் (கற்பனைதானே!) ஆறு மணிக்கு டாண் என்று வந்துவிட்டார். ஒன்றாம் நம்பரைக் காணோம். டாக்டர் பத்து நிமிஷம் சுவர் காலண்டரைப் படிக்கிறார். 6.10க்கு இரண்டாம் நம்பர் வந்து உள்ளே போகிறார். 6.20க்கு ஒன்றாம் நம்பர், ''ஸாரிம்மா, ஒரே டிராஃபிக்'' என்று ஹெல்மெட்டைக் கழற்றியபடி நுழைகிறார். அதே நேரம் மூன்றாம் நம்பரும் ஆஜர். ரிசப்ஷன் பெண் பாவம், நம்பர் வரிசைப்படி ஒன்றை உள்ளே அனுப்புகிறாள்.

தீர்ந்தது கதை. மூன்றிலிருந்து பதினைந்து வரை பதின்மூன்று பேரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் தள்ளிப் போகிறார்கள். கூட்டிப் பார்த்தால் 130 நிமிஷம். ஒரு சினிமாவே பார்த்துவிடலாம்! டாக்டருக்கு நஷ்டம் பத்து நிமிஷம். லேட்டாக வந்த மகானுபாவருக்கு நஷ்டம் பூஜ்யம். ''போன உடனே கூப்பிட்டுட்டாங்க, நல்ல கிளினிக்'' என்று வீட்டில் சர்டிஃபிகேட் வேறு கொடுப்பார்.

இதே இருபது நிமிஷத் தாமதத்தைப் பதினைந்தாம் நம்பர் செய்தால்? டாக்டர் காத்திருப்பார், அல்லது காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாக்கிப் பேருக்கு ஒரு நிமிஷம்கூட நஷ்டமில்லை. ஆக, எத்தனை நிமிஷம் லேட் என்பதைவிட, யார் லேட் என்பதுதான் விஷயம்.

''ஏன் ஸார், சில பேர் முன்னாடியே வந்துடறாங்களே, அதுல சரிக்கட்டக் கூடாதா?''

இடைவெளி விழுகிற நேரத்தில் ஆள் இருந்தால் சரிக்கட்டலாம். இல்லாவிட்டால் போனது போனதுதான். விற்காத சோப்பை மார்ச் 31ல் குளோஸிங் ஸ்டாக்கில் காட்டி அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். டாக்டரின் விற்காத பத்து நிமிஷத்துக்கு குளோஸிங் ஸ்டாக் கிடையாது.

அதனால்தான் பல கிளினிக்குகளில் எல்லோரையும் ஆறு மணிக்கே வரச் சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் எதிரே நாற்காலி காலியாகாது. ஆனால், பதினைந்தாம் நம்பர் 2 மணி 20 நிமிஷம் உட்கார வேண்டும். அடுத்த தடவை அவர் சும்மா இருப்பாரா? எட்டு மணிக்குத்தான் வருவார். மறுபடி முதலிலிருந்து!

இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியல்காரர் 1952லேயே இந்தச் சிக்கலை உட்கார்ந்து ஆராய்ந்தார். அவர் சொன்ன வழி ரொம்ப எளிது. ஆரம்ப நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். அதற்கப்புறம், ஒரு ஆளைப் பார்க்க சராசரியாக எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷத்துக்கு ஒருவர். இரண்டில் ஒருவர் லேட்டானாலும் இன்னொருவர் உள்ளே போய்விடுவார். எல்லோரும் சரியாக வந்தால் ஆளுக்கு ஒரு பத்து நிமிஷம் பெஞ்சு. தாங்கலாம்.

நேரம்தானே, போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. தள்ளிப்போன நேரத்தை டாக்டர் எங்கே பிடிப்பார்? கடைசி நாலைந்து பேரிடம். பத்து நிமிஷம் ஐந்தாகும். பதினாலாம் நம்பர் ஒரு பெரியவர், சர்க்கரைக்காரர் என்று வையுங்கள். வந்ததும் விஷயத்தைச் சொல்ல மாட்டார். முதலில் தூக்கம் வரவில்லை என்பார், அப்புறம் பசி இல்லை என்பார். எட்டாவது நிமிஷத்தில்தான், ''கால்ல சின்னதா ஒரு புண்ணு...'' என்று இழுப்பார். ஐந்தாவது நிமிஷத்தில் பிரிஸ்கிரிப்ஷனைக் கிழித்துக் கொடுத்துவிட்டால், அந்தப் புண் செருப்புக்குள்ளேயே வீட்டுக்குத் திரும்பிவிடும். சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைக் கவனிக்காமல் விட்டு, விரலையோ காலையோ எடுக்கும்படி ஆவதும் உண்டு.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: ஆறு என்று போட்டால் ஆறுக்கு வாருங்கள். லேட்டாக வந்தவரை உடனே உள்ளே விடாமல், இரண்டு பேருக்கு அப்புறம் கூப்பிடச் சொல்லுங்கள். நமக்கு ஒரு வார்த்தை: லேட்டாகும் என்றாலும், போகப் போவதில்லை என்றாலும் கிளினிக்குக்கு ஒரு போன். கையில்தானே இருக்கிறது.

ஒன்றாம் நம்பர் கிடைத்தால் ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். காபியை வந்து குடிக்கலாம். பதினாலாம் நம்பர் பெரியவர் எட்டு பத்துக்குத்தான் வருவார். உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார். நீங்கள் யாரென்றே அவருக்குத் தெரியாதே!