நகல் வேண்டாம், கணக்கு போதும்!

திட்டக்குடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நான் ஒன்றும் டவுன்லோட் செய்யவில்லை. மாதம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. எங்கே போகிறது?" நியாயமான கேள்விதான். காசு நம்முடையதாயிற்றே!

வயர்ஷார்க் சாப்ட்வேரைப் போட்டு பேக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்கள் என்று பலர் யோசனை சொல்வார்கள். 1998ல் எத்தீரியல் என்ற பெயரில் வந்து, 2006ல் பெயர் மாறிய இலவச சாப்ட்வேர் இது. நல்லதுதான். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் இயக்கினால், பொதுவாக அந்தக் கம்ப்யூட்டரின் பேக்கெட்டுகள் மட்டுமே தெரியும். வீட்டிலுள்ள மொபைலும் டிவியும் என்ன இழுக்கின்றன என்று தெரியாது.

எல்லாம் கடந்து போகும் இடம் ரவுட்டரில் உள்ள பயர்வால். அங்கேயே நகல் எடுக்கலாமே என்றால், சாதாரண வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் அந்த வசதி இருப்பதில்லை. மாற்று வழியாக, போர்ட் மிரரிங் வசதியுள்ள சிறிய ஸ்விட்ச் ஒன்றை மோடத்திற்கும் ரவுட்டருக்கும் நடுவில் இணைக்கலாம். ஒரு போர்ட்டில் போகும் பேக்கெட்டுகளை அது இன்னொரு போர்ட்டுக்கு நகல் எடுத்து அனுப்பும். இதிலும் சிக்கல் உண்டு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் போவதும் வருவதும் சேர்ந்தால் 200 ஆகலாம். நகல் போர்ட்டோ 100 மட்டுமே அனுப்பும். மீதி விடுபட்டுப் போகும். தவிர, அந்த இடத்தில் வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே முகவரியில்தான் தெரியும். மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டி என்றால் இந்த வழியே கிடையாது.

என் கருத்து இதுதான்: வீட்டுக்கு நகல் தேவையே இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டும்போது பெட்டி பெட்டியாகப் பிரித்தா பார்க்கிறார்கள்? வண்டி எண், நேரம், எத்தனை பெட்டி என்று நோட்டில் எழுதினால் போதும். நெட்வொர்க்கில் இதற்கு 'ஃப்ளோ' என்று பெயர். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற கணக்கு. பெரிய நிறுவனங்களே சிஸ்கோவின் நெட்ஃப்ளோ போன்ற முறைகளில் இப்படித்தான் கணக்கு வைக்கின்றன. 2011ல் வந்த சைபர் கபே விதிகளும் பார்த்த தளங்களின் பதிவை ஓராண்டு வைக்கச் சொல்லின. பேக்கெட் நகலைக் கேட்கவில்லை.

உங்களிடமும் இந்த நோட்டு இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பகுதியைத் திறந்தால், எந்த சாப்ட்வேர் எவ்வளவு செலவழித்தது என்று தெரியும். இந்த நிமிடம் யார் இழுப்பது என்று பார்க்க ரிசோர்ஸ் மானிட்டர் உண்டு. ஆண்ட்ராய்டு மொபைலிலும் இதே கணக்கு உள்ளது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "பேக்கெட் சரியாகத் தெரியவில்லை, பயர்வாலை நிறுத்திப் பார்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வருபவர்களை எண்ணுவதற்காகக் கதவையே கழற்றி வைப்பீர்களா? இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குவதால், நகல் கிடைத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. வீட்டாரின் சொந்த விஷயங்களைப் படிப்பதும் நம் வேலையல்ல.

அடுத்த முறை ரவுட்டர் வாங்கும்போது, எத்தனை ஆன்டெனா என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒவ்வொரு சாதனமும் செலவழிக்கும் டேட்டாவைத் தனித்தனியே காட்டுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.