முட்டி வலிக்கு ஊசி: மந்திரம் அல்ல, மருந்து!

மின்சார ரெயில் வந்து நிற்கிறது. கூட்டம் திபுதிபுவென்று மேம்பாலப் படி ஏறுகிறது. கடைசியில் கனத்த உடம்போடு ஓர் அம்மாள். கைப்பிடியைப் பிடிக்கிறார், ஒரு படி ஏறுகிறார், மூச்சு வாங்குகிறார். "அப்பாடா... முட்டி போச்சே!" சென்னையில் எந்த ஸ்டேஷனிலும் சாயங்காலம் பார்க்கலாம் இந்தக் காட்சியை.

இவர்கள் காதில் இப்போது ஒரு சேதி விழுந்திருக்கிறது. "வாரத்துக்கு ஒரு ஊசி. உடம்பும் இளைக்கும், முட்டி வலியும் ஓடிப் போகும்!"

நிஜமா? பாதி நிஜம். மீதியையும் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

407 பேர்

ஊசியின் பெயர் செமாகுளுடைட். முதலில் சர்க்கரை வியாதிக்கு வந்தது. பசியை அடக்குவதால் எடை குறைக்கவும் கொடுக்கிறார்கள். குண்டான உடம்பும் முட்டித் தேய்மானமும் உள்ள 407 பேரை 11 நாடுகளில் 68 வாரம் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நிஜ ஊசி. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது.

2024 அக்டோபரில் முடிவு வந்தது. நிஜ ஊசிக்காரர்களின் எடை சுமார் 14 சதவீதம் குறைந்தது. 100 புள்ளிக் கணக்கில் 71 ஆக இருந்த வலி, 42 புள்ளி இறங்கியது. பெரிய விஷயம்தான்!

வெற்று ஊசிக்காரர்களுக்கு? அவர்களுக்கும் சுமார் 28 புள்ளி இறங்கியது!

எப்படி? 'சாப்பாட்டைக் குறை, உடம்பை அசை' என்று இரு தரப்புக்கும் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். ஊசி போட்ட தெம்பும் சேர்ந்திருக்கும். ஆக, மருந்தின் தனிப் பங்கு 14 புள்ளி. சோதனைக்குச் செலவழித்தது மருந்துக் கம்பெனியே என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்றுக்கு நாலு

முட்டியின் கணக்கு எளிது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் நாலு கிலோ பாரம் குறைகிறது. 2005-ல் அமெரிக்க ஆய்வு சொன்ன கணக்கு இது. எடை எப்படிக் குறைந்தாலும் முட்டிக்கு லாபம்தான். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை இந்த ஊசி திரும்ப வளர்க்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

கடைக்காரர் கவனிக்க!

சோதனைக்கு வந்தவர்களின் சராசரி எடை 100 கிலோவுக்கு மேல். லேசாகத் தொப்பை விழுந்தவர்களுக்கான ஊசி அல்ல இது. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் வரும். கொழுப்போடு தசையும் கரையும். முட்டியைத் தாங்குவதே தொடைத் தசைதான்! ஊசியை நிறுத்தினாலோ, போன எடையில் பெரும்பகுதி திரும்பி வந்து உட்கார்ந்து கொள்கிறது.

2025 ஜூனில் எடை குறைப்புக்கென்று இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது மாதச் செலவு 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல். குமாஸ்தா சம்பளம் என்ன ஆவது? விலை இறங்குவது நல்லதுதான். ஆனால் தலைவலி மாத்திரை மாதிரி கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் ஆபத்தும் கூடவே வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. மீறும் கடைகளை அதிகாரிகள் சும்மா விடக் கூடாது.

எங்கே நடப்பது?

"தினமும் நடங்கம்மா" என்கிறார் டாக்டர். எங்கே நடப்பது? நடைபாதையில் பாதி கடை, மீதி மோட்டார் சைக்கிள். உடைந்த சிமெண்டு பலகையில் கால் வைத்தால் முட்டியோடு இடுப்பும் போகும். அதைச் சரிசெய்ய எந்த ஊசியும் வேண்டாம். மாநகராட்சி மனசு வைத்தால் போதும்.

ஊசி டாக்டர் கையில் இருக்கட்டும். நடைபாதை ஜனங்களின் காலடிக்கு வரட்டும்!