சும்மா நடந்தால் குற்றமா?



சாயங்காலம் ஒரு ஆம்பளை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும், "சும்மா கடைத்தெரு வரைக்கும்" என்றால் போதும். அதே பதிலை நாம் சொல்லிப் பாருங்கள். "சும்மாவா? வீட்டுல சோலி இல்லையாக்கும்?" என்று அடுத்த வீட்டு வாசலில் இருந்தே குரல் வரும். கையில் ஒரு பையோ, கூடையோ இருந்தால்தான் நமக்கு வாசல்படி தாண்ட அனுமதி! இது என்ன நியாயம்?

கல்யாணமாகி நான் சங்கரன்கோவிலுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ரேஷன் கடை, மளிகைக் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி - இந்த நாலுக்கும் போகிற வழிதான் ஊர் என்று இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடுகிறவளுக்கு எந்தக் கோபுரம் கண்ணில் படும்?

இப்போது சில மாதங்களாக எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர், வாரத்தில் நாலு நாள் ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறோம். கையில் பை கிடையாது. ரத வீதி நாலையும் நிதானமாகச் சுற்றி வருகிறோம். சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தில் மஞ்சள் வெயில் விழும் நேரம் அது. காலையில் பூ மார்க்கெட்டுக்கு வந்த மல்லிகை, அந்த நேரத்தில் வீதியோரம் பூக் கட்டும் அக்காமார் விரலில் சரமாகிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி நடந்தால் விசைத்தறிச் சத்தம். பிரியாணிக் கடை வாசலில் வெளியூர்க் கார்கள். மேற்கே பார்த்தால் மலை. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் என்றால் எங்களுக்குக் காற்று. முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் போக நம் கையில் காசு இல்லாவிட்டாலும், சொந்த ஊரைப் பார்க்கக் கால் இருக்கிறதே!

"வீட்டு வேலை செய்யுறதே நடைதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடப்பதில் கால் அசையும், மனசு அசையுமா? பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முப்பது வயதிலேயே சுகர், தைராய்டு என்று மாத்திரை டப்பாவோடு இருக்கும் தோழிகள் நம்மில் எத்தனை பேர்!

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நடக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால், கோமதி அம்மனை நினைத்து "ஆடிச்சுற்று" சுற்றுவார்கள். 108 சுற்று, 501 சுற்று, 1001 சுற்று என்று கோயிலை வலம் வருவார்கள். பிள்ளைக்குப் படிப்பு வர, புருஷனுக்கு உடம்பு குணமாக, மகளுக்கு வரன் அமைய என்றுதான் முக்கால்வாசி வேண்டுதலும் இருக்கும். தப்பில்லை. நானும் சுற்றியிருக்கிறேன். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு சுற்றாவது நமக்கென்று நடந்தால் என்ன?

அந்தக் கோமதி அம்மன் கதையையே பாருங்கள். சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசை. அதற்காகப் புன்னை வனத்தில் தவம் இருந்தாள். அதைத்தான் வருஷா வருஷம் ஊரே திரண்டு திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். அம்மன் ஆசைப்பட்டால் திருவிழா, மருமகள் ஆசைப்பட்டால் ஊர் சுற்றலா?

நாங்கள் நடக்க ஆரம்பித்தபோது என் மாமியாரும், "பொம்பளைக்கு என்னளா ஊர் சுத்தல்?" என்றுதான் சொன்னார். பத்து நாளில், "இன்னைக்கு மல்லி என்ன விலையாம்?" என்று கேட்க ஆரம்பித்தார். போன மாதம் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "எனக்குங்கூட வரணும்னுதான் இருக்கு. முட்டி வலிக்கு நடுவுல உட்கார ஒரு இடம் இருந்தா வருவேன்." அறுபத்தைந்து வயதில் அவருக்கு வந்த ஆசை ஒரு பெஞ்சு இல்லாமல் நின்று போகிறது.

2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லை. அதனால் எத்தனை பெண்கள் துணிந்து வெளியே வந்திருக்கிறார்கள்! அதே மாதிரி சின்ன ஊர்களின் வீதிகளையும் பெண்களுக்கு ஏற்றதாகச் செய்யலாம். நாலு இடத்தில் சிமெண்ட் பெஞ்சு, எரிகிற தெருவிளக்கு, சுத்தமான ஒரு கழிப்பறை, பைக் நிறுத்தாத நடைபாதை. பெரிய செலவு இல்லை. பொறுப்பில் இருப்பவர்கள் மனது வைத்தால் போதும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டாம். இரண்டு பேராவது சேர்ந்து கிளம்புங்கள். அரை மணி நேரத்தில் குடி முழுகிப் போகாது. குழம்பு கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் வெறுங்கையோடு போவதைப் பார்த்தால் "எங்கே?" என்று கேட்காதீர்கள். "இரு, நானும் வாரேன்" என்று சொல்லுங்கள். என்ன தோழிகளே, சரிதானே?

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்.