ராணுவத்தில் 17 வருஷம். அதன் பிறகு வாசல் நாற்காலி மட்டும்தானா?

சென்னை ஓஎம்ஆரில் ஏதோ ஓர் ஐடி வளாகம். காலை ஒன்பதரை மணி. ஐடி கார்டைத் தேடிக்கொண்டே உள்ளே ஓடும் இளைஞருக்கு, வாசலில் நிற்பவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

“அண்ணே, நீங்க மிலிட்டரியா?”

“ஆமா தம்பி. சிக்னல்ஸ்ல பதினேழு வருஷம். லடாக்ல எல்லாம் இருந்தேன்.”

பேச்சு அதோடு முடிந்துவிடும். பனிமலையில் தகவல் தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர், இங்கே நோட்டில் வண்டி நம்பர் எழுதுகிறார். அதே வளாகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு நிறுவனம் நெட்வொர்க் பராமரிப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்.

பல ஊர்களில், பல வாசல்களில் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. செக்யூரிட்டி வேலை ஒன்றும் குறைவானது இல்லை. ஆனால், விரும்பி எடுத்துக்கொண்ட வேலையா, வேறு வழி தெரியாமல் வந்து உட்கார்ந்த வேலையா என்பதுதான் கேள்வி.

எந்த வயதில் வெளியே வருகிறார்கள்?

முப்படைகளில் இருந்தும் ஆண்டுக்குச் சுமார் 60 ஆயிரம் பேர் ஓய்வு பெறுகிறார்கள். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால், சிப்பாய் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 35 முதல் 40 வயதுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். 15 ஆண்டு சேவை இருந்தால் பென்ஷன் உண்டு. ஆனால், பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். இன்னும் 20 ஆண்டு உழைக்கத் தெம்பும் இருக்கும்.

இட ஒதுக்கீடு இல்லையா? இருக்கிறது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்கள், தேசிய வங்கிகளின் குரூப் சி பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு. ஆனால், பல துறைகளில் இந்த இடங்கள் முழுசாக நிரம்புவதில்லை. புத்தகத்தைத் தொட்டு இருபது வருஷம் ஆனவர், 22 வயசுப் பட்டதாரி எழுதும் மாதிரியான போட்டித் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது செக்யூரிட்டி. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககமே செக்யூரிட்டி ஏஜென்சிகளைப் பதிவு செய்து, வேலைக்குப் பரிந்துரைக்கிறது. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோவும் அரசு அலுவலகங்களுக்குக் காவலர்களை அனுப்புகிறது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஏற்பாடு இது. குறை சொல்ல முடியாது. குறை எங்கே என்றால், இந்த ஒரு பாதை மட்டும் அகலமாகி, மற்ற பாதைகள் எல்லாம் ஒற்றையடிப் பாதையாகவே நின்றுவிட்டன.

பென்ஷன் மறைத்த பிரச்சினை

இவ்வளவு நாளும் இது பெரிய விவகாரம் ஆகாததற்குக் காரணம் பென்ஷன். “பென்ஷன் வருது, வாட்ச்மேன் சம்பளம் மேல்வரவு” என்று குடும்பம் ஓடியது. அக்னிபத் வந்த பிறகு இந்தக் கணக்கு செல்லாது.

2022-ல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் சேவை நான்கே ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் படையில் தொடர முடியும். மற்றவர்களுக்குக் கையில் கிடைப்பது சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. பென்ஷன் கிடையாது. முதல் அணிகள் நான்காண்டை முடிப்பது 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும். இருபதுகளின் நடுவில் இருக்கும் இந்த இளைஞர்களுக்கு ‘மேல்வரவு’ வேலை போதாது. முழு வாழ்க்கைக்கான வேலை வேண்டும்.

ரெஸ்யூமேயில் தொலைந்துபோகும் 17 வருஷம்

“ஹவில்தார், இன்ஃபன்ட்ரி, 17 வருஷம்.” ஒரு ஹெச்.ஆருக்கு இந்த வரியில் ஒன்றும் புரியாது. உண்மையில் அவர் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனை வழிநடத்தியவர். நெருக்கடியில் நொடியில் முடிவெடுத்தவர். ஆர்மி சர்வீஸ் கோரில் இருந்தவருக்குக் கிடங்கும் சரக்குப் போக்குவரத்தும் அத்துப்படி. இஎம்இ-யில் இருந்தவர் ராணுவ லாரியைப் பிரித்து மாட்டியவர். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கும் ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுக்கு அவர் பொருந்துவார். அனுபவம் இருக்கிறது, அதைச் சிவிலியன் பாஷையில் சொல்லத்தான் ஆள் இல்லை.

சம்பளத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. சீருடையைக் கழற்றும்போது கூடவே மூன்று விஷயங்கள் போய்விடுகின்றன: ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வரும் கூட்டம், தோளில் இருந்த பதவி, ‘நான் இல்லன்னா இந்த வேலை நடக்காது’ என்ற நினைப்பு. இவற்றில் ஒன்றாவது புது வேலையில் திரும்பக் கிடைத்தால்தான் மனசு ஒட்டும். ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கும் வேலூர் வட்டாரத்தில், பையன்களை ராணுவத் தேர்வுக்குத் தயார்படுத்தும் முன்னாள் வீரர்கள் உண்டு. பெரிய வருமானம் இல்லாவிட்டாலும், விடியற்காலையில் விசிலோடு மைதானத்துக்குப் போக அவர்களை யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

தயாரிப்பு, வீடு திரும்பிய பிறகு அல்ல, படையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். அதிகாரிகளுக்கு ஐஐஎம்களில் ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. சிப்பாய்களுக்கான பயிற்சிகளுக்கும் அதே கனம் வேண்டும். 15 ஆண்டு சேவை செய்த பத்தாம் வகுப்புக்காரரை, குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாக மத்திய அரசு ஏற்கிறது. தனியார் நிறுவனங்களும் டிகிரியைக் கேட்பதற்கு முன் கைவேலையைச் சோதித்துப் பார்க்கலாம்.

தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும், 30 சதவீத மூலதன மானியமும் உண்டு. விவரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கிடைக்கும். ஆனால், எல்லோருக்கும் வியாபாரம் வராது. மொத்தமாகப் பணம் வந்ததும் “மாமா, ஒரு நல்ல பிளாட் இருக்கு” என்று வருகிறவர்களிடம் சேவா நிதியைக் கொடுத்துவிட்டு நிற்பதைவிட, ஒரு வருஷம் சம்பளத்துக்கு இருந்து தொழில் கற்றுக்கொள்வது மேல்.

வீரர்களும் சிலவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். 27 வயது மேனேஜர் “அண்ணே, இதை மாத்தலாமே” என்று சொன்னால், கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். ஆபீஸில் ஆர்டர் போட்டால் வேலை நடக்காது, பேசித்தான் நடக்கும்.

அந்த வாசலில் நாளைக்கும் சல்யூட் விழும். “மிலிட்டரியா?” என்பதோடு நிறுத்தாமல் “சிக்னல்ஸ்ல என்ன வேலை பார்த்தீங்கண்ணே?” என்று கேட்கலாம். பதிலைக் கேட்டுவிட்டு, மூன்றாவது மாடியில் காலியாக இருக்கும் இடத்துக்கு அவர் பெயரைச் சொல்வதற்கு ஒரு ரெஃபரல் மெயில் போதும்.