தொண்டருக்கும் ஓய்வு வேண்டும்

எமது கரையோரக் கிராமங்களில் சுகாதாரத் தொண்டர் யார் என்று எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு குழந்தைகளை நிறுக்க வீடு வீடாக வருபவர் அவர். கர்ப்பிணித் தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவரும் அவரே. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாம் முதலில் தட்டுவது அவருடைய கதவைத்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவரும் எம்மைப்போல இடம்பெயர்ந்த குடும்பத்தவர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் வீடுவாசலை இழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். முசலியில் சொந்த வயலில் நெல் விதைத்தவர்கள் இங்கே பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போனார்கள். கிடுகுக் கொட்டில்களில் மலேரியாவும் வயிற்றோட்டமும் பரவியபோது, ஓரளவு படித்த பிள்ளைகளே தொண்டர்களாக முன்வந்தார்கள். அவர்களுடைய கொட்டிலும் அதே வரிசையில்தான் இருந்தது. பகலில் அயலவரின் துயரத்தைக் கேட்டுவிட்டு, இரவில் தம் வீட்டுத் துயரத்தோடு படுத்தார்கள். 2009க்குப் பின்னர் பலர் ஊர் திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். தொண்டரின் வேலை மட்டும் குறையவில்லை.

வன்னிப் பகுதியில் பணியாற்றிய உள்ளூர் நிவாரணப் பணியாளர்கள் 398 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 58 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 53 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 19 பேரிடம் மனவடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. ஆறுதல் சொல்லப் போனவர்களின் நிலை இது! அது போரின் விளைவு, இங்கே இப்போது போர் இல்லையே என்று சிலர் சொல்லலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டைப் பாருங்கள். வேலையால் உள்ளம் வற்றிப்போகும் நிலையை அது தனியாகக் குறிப்பிடுகிறது. அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலைத்தலத்தின் நெருக்குதல் நீண்ட காலம் தீர்க்கப்படாமல் கிடப்பதால் வருவது என்கிறது. அப்படியென்றால் குறையைத் தொண்டரின் மனத்தில் தேடுவதற்கு முன், அவருக்குக் கொடுத்த வேலையின் ஒழுங்கில் தேட வேண்டும்.

கற்பிட்டி மணலில் தோட்டம் செய்பவர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. ஊற விடாமல் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும்.

"இது சேவை, தியாகம்" என்ற சொற்களைச் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. குருவானவர் ஒருவர் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தியாகம் ஒருவர் தாமாகத் தருவது. கொடுப்பனவை மூன்று மாதம் பிந்திக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது நியாயமல்ல. வேலையாள் தம் கூலிக்கு உரியவர் என்பது ஆண்டவரின் போதனை. முஸ்லிம் சகோதரர்கள் இல்யாஸ் நபி என்று போற்றும் எலியா, பாலைவனத்தில் சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து படுத்து, சாவைக் கேட்டார். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்க விட்டார். நிறுவனங்களோ மன அழுத்தம் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு வைக்கின்றன. மறுநாளே பழைய பாக்கி வேலையோடு இன்னும் இரண்டு படிவங்களைக் கையில் கொடுக்கின்றன.

நிதி இல்லை என்பது உண்மைதான். அமெரிக்க அரசின் யூ.எஸ்.எயிட் நிறுவனம் 2025இல் மூடப்பட்டதன் தாக்கம் உலகெங்கும் தொண்டு நிறுவனங்களில் தெரிந்தது. ஆனாலும் பெரிய பணம் கேட்காத காரியங்கள் உண்டு. பயணச் செலவை உரிய நாளில் கொடுக்கலாம். மரணம் நடந்த வீட்டுக்கு ஒருவரைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்பலாம். மாதத்தில் ஒரு நாள், பதிவேடும் அறிக்கையும் இல்லாமல், தொண்டர்கள் கூடிப் பேச இடம் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் மேலாளர் இல்லாதிருப்பது இன்னும் நல்லது. திட்ட வரைவு எழுதுவோர் வாகனத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் நிரல் போடுகிறார்களே, தொண்டரின் விடுமுறைக்கும் ஒரு நிரல் போடட்டும்.

குடும்பங்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், தொண்டரையும் வைத்துக்கொண்டு, கிழமையில் எந்த நாள் அவருடைய கதவைத் தட்டுவதில்லை என்று தீர்மானியுங்கள். அவர் களப்பணிக்குப் போகும் நாளில் அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு எந்த வீட்டில் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் அவசரம் வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எமக்கு மறக்க முடியாத ஆண்டின் இலக்கம்தான் அது. சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும்.